அழுக்கு போன வழி

இருசக்கர வாகனப் பட்டறை வாசலில் இந்தக் காட்சியை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். பழைய ஆயில் டின்னை நெடுக்கில் வெட்டிச் செய்த தட்டு. அதில் பாதி அளவுக்குப் பெட்ரோல். எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையன், கழற்றிப் போட்ட கார்புரேட்டரை அதில் முக்கித் தேய்ந்துபோன பல் பிரஷ்ஷால் தேய்க்கிறான். மேலே படிந்த கரி போய்விடும். உள்ளே இருக்கும் ஜெட்டின் துளைதான் தொல்லை. கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி மைலேஜ் போய்விடும் என்று மெக்கானிக் அண்ணன் எச்சரித்திருக்கிறார். ஆகவே அதை உதட்டில் வைத்து ஊதுகிறான். நாக்கில் பட்ட பெட்ரோலைத் துப்பிவிட்டு, ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறான். துளை வழியே வானம் தெரிந்தால் வேலை முடிந்தது. பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, தட்டில் மிஞ்சிய கறுப்புத் திரவத்தைத் தெருவோரச் சாக்கடையில் கவிழ்க்கிறான்.

கார்புரேட்டர் பளிச்சென்று ஆகிவிட்டது. அதிலிருந்த அழுக்கில் ஒரு பங்கு பையனின் விரலிடுக்கில் இருக்கிறது. மீதி சாக்கடையில் போகிறது. பெட்ரோல் ஆவி அவன் நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது. தொழிற்சாலைகள் தங்கள் பொருட்களை எப்படிச் சுத்தம் செய்தன என்ற வரலாற்றை எங்கே புரட்டினாலும் எனக்கு இந்தத் தட்டுதான் நினைவுக்கு வருகிறது. பொருளை விட்டுப் போன அழுக்கு யார் மேல் போய் உட்கார்ந்தது என்ற கேள்வியை உலகம் மிகத் தாமதமாகவே கேட்டது. லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இல் புகைபோக்கி துடைப்பவர்களின் விரைப்பையில் வரும் புற்றுநோயைப் பற்றி எழுதினார். ஒரு தொழில் ஒரு புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்று மருத்துவ நூல்களில் ஏறிய மிகப் பழைய பதிவுகளில் அது ஒன்று. அந்தத் தொழிலே துப்புரவுத் தொழில்தான்.

இப்போது வேறொரு தொட்டியைப் பாருங்கள். மூக்குக்கண்ணாடிக் கடை மேசையில் சோப்புத் தண்ணீர் நிரப்பிய சின்ன எஃகுத் தொட்டி. பொத்தானை அழுத்தியதும் காதில் லேசாகக் கூசும் ஓர் இரைச்சல். மூக்குத் தாங்கிகளின் இடுக்கில் வருடக்கணக்கில் படிந்த பச்சை அழுக்கு, ஊதுபத்திப் புகை போலப் பிரிந்து தண்ணீரில் கலைகிறது. பிரஷ் இல்லை, தேய்ப்பு இல்லை, ஊதல் இல்லை. கடைக்காரர் இதை அல்ட்ராசோனிக் என்பார். பாடநூல் மீயொலி என்கிறது. டீசல் இன்ஜெக்டர் சரிபார்க்கும் கடைகளிலும், பல் மருத்துவமனைகளிலும், அறுவை சிகிச்சைக் கருவிகள் கழுவும் அறைகளிலும் இதன் பெரிய அண்ணன்கள் ஓடுகின்றன. தொட்டிக்குள் வேலை செய்வது தண்ணீரில் பிறந்து உடனே நொறுங்கும் குமிழி. இந்தக் குமிழி மனிதனுக்கு முதலில் அறிமுகமானது எதிரியாகத்தான்.

கோயம்புத்தூர் பம்ப் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த எதிரியை நன்றாகத் தெரியும். கிணற்றில் தண்ணீர் மட்டம் கீழே போய், மோட்டார் ஏக்கத்தோடு இழுக்கும்போது பம்ப்புக்குள் கூழாங்கல் உருளுவது போலச் சத்தம் வரும். கழற்றிப் பார்த்தால் இம்பெல்லர் கரையான் அரித்த மரம் போல இருக்கும். 'கேவிட்டேஷன்' என்று மெக்கானிக் ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் கிழிந்து குமிழியாகிறது. அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் அந்தக் குமிழி இடிந்து விழுகிறது. ஒவ்வொரு இடிபாடும் உலோகத்தில் ஓர் ஊசிக்குத்து.

அந்தச் சொல் பிறந்தது கப்பலில். 1893இல் பிரிட்டிஷ் கடற்படையின் 'டேரிங்' கப்பலைச் சோதனை ஓட்டம் விட்டார்கள். மணிக்கு 27 கடல்மைல் ஓட வேண்டியது. என்ஜினை எவ்வளவு முடுக்கியும் 24ஐத் தாண்டவில்லை. சுழல்விசிறியின் இதழ்களைச் சுற்றித் தண்ணீர் கிழிந்து வெற்றிடம் உண்டாகிறது, விசிறி தண்ணீரைப் பிடிக்காமல் வெறுமனே சுற்றுகிறது என்று கண்டுபிடித்தவர்கள் கப்பல் கட்டிய தார்னிகிராஃப்டும் பார்னபியும். அதற்குக் 'கேவிட்டேஷன்' என்று பெயர் சொன்னவர் கப்பல் பொறியாளர் ராபர்ட் ஃபிரூட். இதழ்களை அகலமாக்கிய பிறகுதான் கப்பல் வேகம் எடுத்தது.

நீராவி டர்பைனைக் கண்டுபிடித்த சார்லஸ் பார்சன்ஸ் தன்னுடைய 'டர்பீனியா' படகில் இதே சுவரில் மோதினார். அவர் 1895இல் செய்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. மேசை மேல் வைக்கிற அளவுக்கு ஒரு செம்புக் குழாய் வளையம். அதற்குள் ஒரு சாண்கூட இல்லாத சின்ன விசிறி. விசிறியின் வேகத்துக்கு ஏற்ப விட்டுவிட்டு ஒளி பாய்ச்சி, அசையாமல் நிற்பது போன்ற இதழ்களின் மேல் குமிழிகள் பிறப்பதைக் கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தார். கடலில் நடப்பதைக் கைக்கடக்கமாக வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். பிறகு டர்பீனியாவுக்கு மூன்று தண்டும் ஒன்பது விசிறியும் வைத்து, 1897 ஜூனில் விக்டோரியா ராணியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பில் எவரும் துரத்திப் பிடிக்க முடியாத வேகத்தில் ஓட்டிக் காட்டினார். அந்தச் செம்பு வளையம் இன்னும் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

வேகம் கிடைத்தது, அரிப்பு நிற்கவில்லை. பெரிய கப்பல்களின் வெண்கல விசிறிகள் சில மாதங்களில் பொத்தல் விழுந்து வந்தன. மெத்தென்ற தண்ணீர் வெண்கலத்தைத் தின்பது எப்படி? இந்தக் கணக்கை 1917இல் போட்டவர் இயற்பியலாளர் ராலே பிரபு. அந்தக் கட்டுரையைத் தொடங்கும்போது அவர் கப்பலைச் சொல்லவில்லை, அடுப்பில் வைத்த கெண்டியைச் சொல்கிறார். உலை கொதிப்பதற்குச் சற்று முன் ஓர் இரைச்சல் வருமே, 'உலை கூப்பிடுது' என்று அடுக்களையிலிருந்து ஓடுவார்களே, அந்த இரைச்சல்தான். அடியில் பிறந்த நீராவிக் குமிழி மேலே ஏறும்போது குளிர்ந்த தண்ணீரைத் தொட்டுப் பொசுக்கென்று நொறுங்குகிறது. நாம் கேட்பது அதன் சத்தம். உருண்டையான வெற்றிடத்தைச் சுற்றித் தண்ணீர் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே புள்ளியை நோக்கிப் பாய்ந்தால் கடைசிக் கணத்தில் அங்கே அழுத்தம் வளிமண்டலத்தைப் போல ஆயிரம் மடங்கையும் தாண்டும் என்று அவருடைய கணக்கு காட்டியது. பானைக்குள் பாடுவதும் கப்பல் விசிறியைத் தின்பதும் ஒன்றே.

அதே முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சில் இயற்பியலாளர் பால் லாஞ்செவன் நீர்மூழ்கிகளைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆசிரியர் பியர் கியூரியும் பியரின் அண்ணன் ழாக்கும் 1880இல் ஒன்றைக் கண்டிருந்தார்கள்: குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்சாரம் வருகிறது. மின்சாரம் கொடுத்தால் படிகம் விரிந்து சுருங்கும் என்பதும் அடுத்த ஆண்டே உறுதியானது. முப்பத்தைந்து ஆண்டு ஆய்வுக்கூட வேடிக்கையாகக் கிடந்த இந்த உண்மையை லாஞ்செவன் வேலைக்கு அமர்த்தினார். மெல்லிய குவார்ட்ஸ் தகடுகளை இரண்டு எஃகுப் பலகைகளுக்கு நடுவே வைத்து, காதுக்குக் கேட்காத ஒலியைக் கடலுக்குள் அனுப்பி, எதிரொலியைக் கேட்டார். துலோன் துறைமுகச் சோதனைகளில் ஒலிக்கற்றையின் குறுக்கே வந்த சிறு மீன்கள் செத்து மிதந்தன. தண்ணீரில் கையை விட்டவர்களுக்கு எலும்புக்குள் காய்ச்சிய கம்பி இறங்கியது போன்ற வலி.

அங்கே அதைப் பார்த்தவர்களில் ஒருவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட். பத்தாண்டு கழித்து, பங்குச் சந்தையில் பணம் சம்பாதித்த ஆல்பிரட் லூமிஸ் தன் செலவில் நியூயார்க் அருகே டக்சிடோ பார்க்கில் அமைத்த சொந்த ஆய்வுக்கூடத்தில், இருவரும் சேர்ந்து அந்த ஒலியை முழு வலுவோடு எழுப்பினார்கள். எண்ணெய் நீரூற்றுப் போல எழும்பியது. ஒலி ஏறிய கண்ணாடிக் கம்பியைத் தொட்ட விரல் சுட்டது. ஒன்றோடொன்று சேராத திரவங்கள் பால் போலக் கலந்தன. 1927இல் இதை வெளியிட்டார்கள். ஆனால் தொழிற்சாலைக்கு வரும் அளவுக்கு மலிவாகக் குவார்ட்ஸ் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பேரியம் டைட்டனேட் என்ற பீங்கானும், 1950களில் ஈயமும் சிர்க்கோனியமும் டைட்டானியமும் சேர்ந்த பீங்கானும் வந்த பிறகு, அதிரும் தட்டுகளைக் களிமண் வில்லை போலச் சுட்டு எடுக்க முடிந்தது. அந்தப் பத்தாண்டில்தான் துப்புரவுத் தொட்டிகள் சந்தைக்கு வந்தன. இன்றைய தொட்டியின் அடியில் திருகியிருக்கும் அதிர்ப்பான், லாஞ்செவன் நீர்மூழ்கிக்காகச் செய்த அதே உலோக-படிக அடுக்குதான். இன்றும் தொழிலில் அதற்கு அவர் பெயர்தான்.

விநாடிக்கு 40,000 முறை அடித்தட்டு அதிர்கிறது. ஒவ்வொரு அதிர்விலும் தண்ணீர் ஒருமுறை இழுபடுகிறது, ஒருமுறை நெருக்கப்படுகிறது. இழுபடும்போது கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் வீங்குகின்றன; நெருக்கும்போது நொறுங்குகின்றன. நொறுங்கும் கணத்தில் குமிழியின் உள்ளே சுமார் 5,000 டிகிரி வெப்பம் எழுகிறது என்று இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கென்னத் சஸ்லிக் குழு 1980களில் அளந்து காட்டியது. அவ்வளவு வெப்பம் இருந்தும் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கிறது, ஏனென்றால் அது நீடிப்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. உலோகத்தை ஒட்டி நொறுங்கும் குமிழி உருண்டையாக விழாது. ஒரு பக்கம் குழிந்து, ஊசி போன்ற நீர்த்தாரையை உலோகத்தின் மேல் பீய்ச்சும். பிரஷ்ஷின் மயிர் போகாத இடத்துக்கும், அந்தப் பையன் வாயால் ஊதிய ஜெட் துளைக்கும் அந்தத் தாரை போகும். இன்ஜின் பாகங்களுக்கு 25 கிலோஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்: குமிழி பெரிது, அடி பலம். சில்லு செய்யும் சிலிக்கான் தகடுகளுக்குப் பத்து லட்சம் ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்: குமிழி நுண்ணியது, அடி மென்மை. தொட்டி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மெக்கானிக்குகள் சமையலறை அலுமினியத் தாளை ஒரு நிமிடம் செங்குத்தாகப் பிடிப்பார்கள். எடுத்துப் பார்த்தால் தாள் முழுக்கப் பொடிப் பொத்தல். பெரிய கப்பல்களின் விசிறிகளைத் தின்ற அதே பல்.

இதுவரை சொன்னது கருவியின் கதை. தொட்டிக்குள் என்ன ஊற்றினார்கள் என்பது இதைவிடப் பெரிய கதை. அதைச் சொல்லாமல் கருவியைப் புகழ்வது நேர்மையாகாது.

லாஞ்செவன் நீர்மூழ்கி தேடத் தொடங்கிய அதே 1915இல், பிளெஸ்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் சில தொழிலாளர்களின் முகம் மரத்துப்போயிருந்ததைப் பதிவு செய்தார். அவர்கள் ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானின் ஆவியைச் சுவாசித்தவர்கள். இது ஒரு நஞ்சு என்ற எச்சரிக்கையாக அதை யாரும் படிக்கவில்லை. முகத்து நரம்பை மரத்துப்போகச் செய்கிறதா, அப்படியானால் முக நரம்பு வலிக்கு மருந்தாகக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள்! பிறகு அது பிரசவ வலிக்கு முகரும் மயக்க மருந்தானது, காப்பிக் கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரித்தது, உலகம் முழுக்க உலோகப் பாகங்களின் கிரீஸை எடுத்தது. 87 டிகிரியில் கொதிக்கும். ஆவி காற்றைவிடக் கனம், தொட்டிக்குள்ளேயே மேகம் போலத் தங்கும். குளிர்ந்த இரும்பை அந்த மேகத்துக்குள் இறக்கினால் அதன் மேல் பனி போலப் படிந்து கிரீஸோடு சொட்டும். துடைக்க வேண்டாம், உலர்த்த வேண்டாம், தீப்பிடிக்கும் பயமும் இல்லை. தொழிற்சாலைக்கு இதைவிட என்ன வேண்டும்?

தொட்டியின் அடியில் தங்கிய சேற்றைப் பின்பக்க மண்ணில் கொட்டினார்கள். இந்தக் கரைப்பான் தண்ணீரைவிடக் கனமானது. மண்ணில் இறங்கி நிலத்தடி நீரின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வோபர்ன் என்ற ஊரில் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் அடுத்தடுத்து வந்தது. 1979இல் ஊரின் இரண்டு குடிநீர்க் கிணறுகளை மூடினார்கள். தண்ணீரில் இருந்தது இதே கரைப்பானும் இதன் உறவுகளும். இரண்டு ஆண்டுக்குப் பிறகு கலிஃபோர்னியாவில், தூசி ஒன்று விழுந்தாலும் வேலையை நிறுத்தும் சில்லு ஆலை ஒன்றின் நிலத்தடித் தொட்டி கசிந்தது தெரியவந்தது. அது கலந்தது சான் ஹோசேயின் குடிநீர்க் கிணற்றில். உலகிலேயே மிகச் சுத்தமான அறைகள் இருந்த சான்டா கிளாரா மாவட்டத்தில்தான் மத்திய அரசு பொறுப்பேற்றுத் துப்புரவு செய்ய வேண்டிய நச்சு இடங்கள் அந்நாட்டில் மிக அதிகம். வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு செய்த சுத்தத்தின் தட்டும் சாக்கடையில்தான் கவிழ்ந்தது.

விஷமில்லாத, தீப்பிடிக்காத, மணமில்லாத வேறொன்று வேண்டும் என்று தேடியவர்கள் சிஎஃப்சி-113 என்ற கரைப்பானுக்கு வந்தார்கள். மின்னணுச் சுற்றுப் பலகைகளைக் கழுவ அதைப் போன்றது இல்லை என்றார்கள். தொழிலாளியின் உடம்பைப் பொறுத்தவரை அது உண்மையிலேயே மேலானது. அந்தக் காலத்துப் பொறியாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1974இல் வேதியியலாளர்கள் மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் இந்தக் குடும்பத்து வாயுக்கள் ஓசோன் படலத்தைத் தின்னும் என்று எழுதினார்கள். 1985இல் அண்டார்டிகா மேலே ஓசோன் மெலிந்துபோனதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று, ஓசோனைக் காப்பதற்கான மான்ட்ரியால் உடன்படிக்கை கையெழுத்தானது. 1990இல் லண்டனில், மாறுவதற்கு ஏழை நாடுகளுக்குப் பணம் யார் தருவது என்ற வாதம் நடந்து, அதற்கென்று ஒரு நிதியும் உருவாயிற்று. இந்தியா 1992இல் உடன்படிக்கையில் சேர்ந்தது. பணக்கார நாடுகள் 1995 முடிவோடு சிஎஃப்சி உற்பத்தியை நிறுத்தின, இந்தியாவுக்குக் கெடு 2010. உலோகம் கழுவவும் ஆடைகளில் கறை எடுக்கவும் இங்கே பயன்பட்ட கார்பன் டெட்ராகுளோரைடும் அதே கெடுவில் விலகியது.

அந்த இடைவெளியில்தான் தொழிற்சாலைகள் தண்ணீருக்குத் திரும்பின. மீயொலித் தொட்டி அதற்கு முன்பே முப்பது ஆண்டுகளாக இருந்தது. ஆனால் பல இடங்களில் அதற்குள்ளும் இதே கரைப்பான்களை ஊற்றியே ஓட்டினார்கள். இத்தனைக்கும் குமிழி மிகப் பலமாக நொறுங்குவது தண்ணீரில்தான். தண்ணீர் என்றால் துருப்பிடிக்கும், சுடவைக்க வேண்டும், உலர்த்த வேண்டும், மின்கட்டணம் ஏறும் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். கட்டாயம் வந்ததும் துருவுக்கு மருந்து கிடைத்தது, உலர்த்தச் சுடுகாற்று கிடைத்தது. மின்னணுத் தொழிலில் இன்னொன்றும் நடந்தது. பற்றவைப்பில் மிஞ்சும் பசையைக் கழுவத்தானே இத்தனை சிஎஃப்சி, கழுவத் தேவையே இல்லாத பசையைச் செய்தால் என்ன என்று யாரோ கேட்டார்கள். செய்தார்கள். இன்று உலகில் பெரும்பாலான சுற்றுப் பலகைகள் கழுவப்படுவதே இல்லை. இந்த இருநூற்றைம்பது ஆண்டு வரலாற்றில் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு இதுதான் என்பேன், மீயொலியைவிடவும்.

ட்ரைகுளோரோஎத்திலீன் போகவில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உறுதிப்படுத்தியது. அமெரிக்காவே 2024 டிசம்பரில்தான் தடை விதியை வெளியிட்டது. வழக்குகளால் அதன் சில பகுதிகள் தள்ளிப்போயின. பிளெஸ்னரின் பதிவிலிருந்து எண்ணினால் 109 ஆண்டு.

நம் ஊர்ப் பட்டறைகளுக்கு மீயொலித் தொட்டி வர வேண்டும் என்று விரும்புகிறேன். அந்தப் பையனின் வாயிலிருந்து ஜெட்டை எடுத்துவிடும் கருவி அது. ஆனால் கருவி வந்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. நான் பார்த்த ஒரு கடையில் தொட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை விட்டுப் பாகத்தை எடுத்தார்கள். துலோனில் அந்த வலியைக் கண்டு நூறாண்டுக்கு மேல் ஆகிறது. கூடையில் வைத்து இறக்க வேண்டும், நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சோப்புத் தண்ணீருக்குப் பதிலாகப் பெட்ரோலும் தின்னரும் ஊற்றி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சூடேறும் தொட்டியில் அது நெருப்பு வைப்பதற்குச் சமம். மருத்துவமனைகளில் இந்தத் தொட்டி கருவியைக் கழுவும், கிருமி நீக்காது. அதற்குப் பிறகு ஆட்டோகிளேவ் கட்டாயம். மரகதமும் முத்தும் ஓபலும் பதித்த நகையை இதில் போட்டால் கல் கெடும், கடைக்காரர் அவசரத்தில் இருந்தாலும் நீங்கள் சொல்லித் தடுங்கள்.

பிறகு தொட்டியில் மிஞ்சும் தண்ணீர். அதில் சோப்பு மட்டும் இல்லை. கழுவிய எண்ணெயும் உலோகப் பொடியும் இருக்கின்றன. மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்து, வடிகட்டி, அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். வழித்த எண்ணெய் 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் கீழ் வருவது. அனுமதி பெற்றவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். தெருவில் இருக்கும் பட்டறை ஒவ்வொன்றும் தனித்தனியாக இதைச் செய்வது கடினம். பத்துப் பட்டறைக்கு ஒரு பீப்பாய், வாரம் ஒருமுறை எடுத்துப்போக ஒரு வண்டி என்று மெக்கானிக் சங்கங்களும் நகராட்சிகளும் சேர்ந்து ஏற்பாடு செய்யலாம். செலவு ஆகும். வோபர்னின் கிணறுகளைச் சுத்தம் செய்யும் வேலை, மூடி நாற்பது ஆண்டு கழிந்தும் முடியவில்லை. அந்தச் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அடுத்த முறை வண்டியைச் சர்வீசுக்கு விடும்போது, தட்டில் மிஞ்சுவதை எங்கே ஊற்றுகிறீர்கள் என்று மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஜெட்டை வாயில் வைக்க வேண்டாம் என்று அந்தப் பையனிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.